மருந்து மலைமேல், பிரசவம் அடிவாரத்தில்

தமிழ்நாடு, கேரள மாநிலங்களின் சுகாதாரத் துறை, தொழிலாளர் துறை அமைச்சர்களுக்கும், பூச்சிமருந்துகளுக்கு அனுமதி கொடுக்கும் ஒன்றிய வேளாண் அமைச்சகத்துக்கும்:

2020 மே மாதம் 27 பூச்சிமருந்துகளைத் தடை செய்யப்போவதாக ஒன்றிய அரசு ஒரு வரைவு ஆணை வெளியிட்டது. அந்தப் பட்டியலில் குளோர்பைரிபாஸ் என்ற பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தும் இருந்தது. இறுதி ஆணை வருவதற்கு மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. 2023ல் அது வந்தபோது டைக்கோபால், டைனோகேப், மெத்தோமில் என்று மூன்றுக்கும், மோனோகுரோட்டோபாஸின் 36 சதவீதக் கரைசலுக்கும்தான் தடை. குளோர்பைரிபாஸை இலந்தைக்கும் எலுமிச்சை வகைக்கும் புகையிலைக்கும் அடிக்கக் கூடாது என்று எழுதி, மற்றதற்கெல்லாம் விட்டுவிட்டீர்கள். 2025 மே மாதம் ஜெனீவாவில், எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் நாடுகள் கூடி, இதே மருந்தை உலகம் முழுக்க ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சில விலக்குகளோடு சேர்த்தன. எங்கள் ஊர்க் கடை அலமாரியில் அது இன்னும் இருக்கிறது. ஏலச்செடியில் வேர்ப்புழு விழுந்தால் தூரில் ஊற்றுவது இன்றைக்கும் அதைத்தான்.

நான் தேனி மாவட்டத்தில், போடி வட்டாரத்தில், கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் அம்மா ஏலக்காட்டில் காய் எடுத்தவர். நான் வயிற்றில் இருந்தபோதும் போனார். நான் கர்ப்பம் பதிந்த பெண்களில் பாதிப்பேருக்கு மேல் அதே காட்டுக்குப் போகிறவர்கள். இந்த மடலில் நான் கண்ணால் பார்த்ததும் இருக்கிறது, படித்துத் தெரிந்துகொண்டதும் இருக்கிறது. இரண்டையும் கலக்காமல் எழுதுகிறேன்.

சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் டெல்லியிலும் இருக்கிற உங்களுக்கு ஏலக்காய் எப்படிப் பறிக்கப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஏலக்காய் மரத்திலோ கிளையிலோ காய்ப்பதில்லை. செடியின் தூரிலிருந்து சரம் புறப்பட்டு மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்கும், காய் அந்தச் சரத்தில் இருக்கும். எடுக்கிறவள் தூரடியில் குத்தவைத்து, முகத்தைச் சரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், முற்றிய காயை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். இலைப்பேன், தண்டுத்துளைப்பான், வேர்ப்புழு எல்லாவற்றுக்கும் மருந்து போய்ச் சேருகிற இடமும் அந்தத் தூரும் சரமும்தான். மருந்தடிக்கிற ஆள் நின்றுகொண்டு அடிக்கிறார், அடித்து முடித்துப் போய்விடுகிறார். காய் எடுக்கிறவள் அதே தூரடியில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். மழைக்காலத்தில் தரை ஈரம் சேலை வழியாக ஏறும். நிறைய இடங்களில் பக்கத்து வரிசையில் ஹோஸ் பிடித்து அடித்துக்கொண்டிருக்கும்போதே இந்த வரிசையில் பெண்கள் காய் எடுப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் கை கழுவ ஓடைத் தண்ணீர்தான். சாயங்காலம் அதே சேலையோடு ஜீப்பில் இறங்கி வந்து, அதே சேலையோடு பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுப்பார்கள்.

கர்ப்பமான பெண்கள் என்னிடம் சொல்கிற வார்த்தை ஏறக்குறைய ஒன்றுதான்: "அஞ்சாம் மாசம் வரைக்கும் போயிட்டு வந்துருவேன் நர்சம்மா, அதுக்கப்புறம் குனிய முடியாது." குனிய முடிகிற அந்த ஐந்து மாதத்தில்தான் குழந்தைக்கு மூளையும் தண்டுவடமும் இதயமும் உருவாகின்றன. போகாதே என்று நான் சொல்லியிருக்கிறேன். அப்போது அவள் கேட்கிற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. அன்றைய கூலியை யார் கொடுப்பது?

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். பாட்டி, மகள், மருமகள் மூன்று பேரும் ஒரே ஜீப்பில் காட்டுக்குப் போன வீடு. மகளுக்கு அடுத்தடுத்துக் கரு கலைந்தது. மருமகளுக்குப் பிறந்த பையன் எடை குறைவு, பேச்சு வர ரொம்ப நாள் ஆனது, பள்ளிக்கூடத்தில் ஓரிடத்தில் உட்காரமாட்டான். இது மருந்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ரத்தசோகையால் கரு கலையும். சொந்தத்தில் கல்யாணம் செய்தாலும் குறை வரலாம். ஒரு செவிலியராக எனக்கு அதெல்லாம் தெரியும். ஆனால் அந்தப் பெண்கள் போன மருத்துவமனை எதிலும் யாரும் "என்ன வேலைக்குப் போற, அங்க என்ன மருந்து அடிக்கிறாங்க" என்று கேட்கவில்லை. என் கையில் இருந்த கர்ப்பிணிப் பதிவேட்டிலும் அதற்கு இடம் கிடையாது. ரத்த அளவு, ரத்த அழுத்தம், எடை, சர்க்கரை, முந்தைய பிரசவம் எல்லாவற்றையும் எழுதினேன். மருந்துக்காட்டில் குத்தவைத்திருந்த மாதங்களை எழுதுவதற்குக் கட்டம் இல்லை. அதனால்தான் மருந்தால் வந்தது என்று சொல்ல எனக்கும் வழியில்லை, மருந்தால் வரவில்லை என்று சொல்ல உங்களுக்கும் வழியில்லை.

படித்துத் தெரிந்துகொண்டதை இனிச் சொல்கிறேன்.

கலிபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கு கீரையும் ஸ்ட்ராபெரியும் விளைகிற இடம். அங்கே கூலி வேலை பார்க்கிற மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களில் 601 கர்ப்பிணிகளை 1999, 2000ஆம் ஆண்டுகளில் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் பதிவு செய்தார்கள். கர்ப்பகாலத்தில் சிறுநீரை எடுத்து, பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தின் எச்சம் எவ்வளவு என்று அளந்து வைத்தார்கள். பிள்ளைகளுக்கு ஏழு வயதானதும் அறிவுத்திறனைச் சோதித்தார்கள். எச்சம் மிக அதிகமாக இருந்த தாய்மாரின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்தவர்களின் பிள்ளைகளைவிட ஏழு புள்ளி கீழே இருந்தார்கள். 2011ல் அது வெளியானபோது கூடவே நியூயார்க்கிலிருந்து இரண்டு ஆய்வுகள் வந்தன. அதில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வு தொப்புள்கொடி ரத்தத்தில் குளோர்பைரிபாஸை அளந்தது. அந்தத் தாய்மார் வயலுக்குப் போனவர்கள்கூட இல்லை. அடுக்குமாடி வீட்டில் கரப்பான்பூச்சிக்கு அடித்த மருந்து அது. அந்தப் பிள்ளைகளிடமும் நினைவாற்றல் குறைந்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020ல் குளோர்பைரிபாஸின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. பாதுகாப்பான அளவு இது என்று ஒரு அளவைச் சொல்லவே முடியவில்லை என்று அங்கத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னதுதான் காரணம். எங்கள் பெண்கள் அதை ஊற்றிய தூரில் உட்காருகிறார்கள்.

இது பிள்ளையோடு நிற்கிற விஷயமும் இல்லை. பெண் சிசுவின் கருமுட்டைகள் எல்லாம் அது தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடும். ஐந்தாம் மாத வாக்கில் அந்தச் சிசுவுக்குள் அறுபது எழுபது லட்சம் கருமுட்டைகள் இருக்கும். அப்படியென்றால் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி மருந்தடித்த தூரில் உட்கார்ந்தால், அவள் உடம்பு, வயிற்றில் இருக்கிற மகள், அந்த மகளுக்கு என்றோ பிறக்கப்போகிற பிள்ளைக்கான கருமுட்டை என்று மூன்று தலைமுறைக்கு ஒரே நாளில் மருந்து படுகிறது. என் அம்மா காய் எடுத்த நாட்களில் நானும் அங்கே இருந்தேன். ஒரு கணக்கில் என் மகளும் அங்கே இருந்தாள்.

நான்காம் தலைமுறை வரைக்கும் பாதிப்பு போனதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கின்னரின் குழு 2005ல் செய்த சோதனை அது. சினை எலிக்கு வின்குளோசொலின் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கொடுத்தார்கள். அதன் பிறகு எந்தத் தலைமுறைக்கும் கொடுக்கவில்லை. ஆனாலும் நாலாவது தலைமுறை ஆண் எலிகளுக்கும் விந்தணு குறைந்திருந்தது. மரபணு எழுத்து மாறவில்லை, எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்கிற ஏற்பாடு மாறிப்போயிருந்தது. மனிதர்களில் அத்தனை தலைமுறைக்கு இன்னும் நிறுவப்படவில்லை, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மூன்றாம் தலைமுறை வரை ஆள்களிடமே பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் ஓக்லண்ட் பகுதியில் 1959 முதல் 1967 வரை கர்ப்பிணிகளிடம் ரத்தம் எடுத்து உறைய வைத்திருந்தார்கள். டிடிடி என்ற பூச்சிமருந்து தாராளமாக அடிக்கப்பட்ட காலம் அது. அரை நூற்றாண்டு கழித்து அந்த ரத்தத்தை எடுத்து அளந்தபோது, தாயின் ரத்தத்தில் ஒருவகை டிடிடி மிக அதிகமாக இருந்த மகள்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஏறக்குறைய நாலு மடங்கு வந்திருந்தது. 2021ல் பேத்திகளைப் பார்த்தார்கள். பாட்டியின் ரத்தத்தில் அது அதிகமாக இருந்தவர்களின் பேத்திகளுக்கு உடல் பருமனும், சின்ன வயதிலேயே வயதுக்கு வருவதும் கூடியிருந்தது. அந்தப் பேத்திகள் பிறக்கும் முன்னமே அமெரிக்காவில் டிடிடி தடையாகிவிட்டது.

நான் இதில் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது ஒரு விஷயத்தைத்தான். யாரோ ஒருவர் 1959ல் அந்த ரத்தத்தை எடுத்து, பெயர் எழுதி, பத்திரமாக வைத்தார். அது இல்லாவிட்டால் 2021ல் யாரும் எதையும் சொல்லியிருக்க முடியாது. நம்மிடம் என் அம்மா தலைமுறைக்கு எதுவும் இல்லை. என் தலைமுறைக்கும் இல்லை. இன்று ஜீப்பில் போகிறவளுக்கும் இல்லை.

சட்டம் இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. 1971ஆம் ஆண்டு பூச்சிமருந்து விதிகளின் 37ஆம் விதியைப் பாருங்கள். மருந்தடிக்கிறவர்களுக்கு வேலைக்குச் சேரும்போதும் அதன்பிறகு குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறையும் மருத்துவப் பரிசோதனை வேண்டும், பாஸ்பரஸ் வகை மருந்து என்றால் மாதம் ஒருமுறை ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவு (இந்த மருந்து உடம்பில் ஏறினால் குறைகிற நொதி அது) பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நான் கவனித்த ஊர்களில் ஒரு மருந்தடிப்பு ஆளுக்காவது அந்தப் பரிசோதனை நடந்து, அந்தச் சீட்டை அவர் கையில் நான் பார்த்ததில்லை. தோட்டத் தொழிலாளர் சட்டத்தை 2010ல் திருத்தியபோது 18ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். மருந்து படுகிற ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவ்வப்போது பரிசோதனை, அவருக்கென்று உடல்நலப் பதிவேடு, கேட்டால் பார்க்கிற உரிமை, குளிக்க வசதி, பாதுகாப்பு உடை என்று அருமையாக எழுதியிருந்தது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் தோட்டப் பாதுகாப்புக்கு இடம் இருக்கிறது. ஆனால் காலையில் ஜீப்பில் ஏறி சாயங்காலம் இறங்குகிற பெண்ணின் பெயர் பெரும்பாலும் கங்காணியின் நோட்டில்தான் இருக்கும். தோட்டத்தின் பதிவேட்டில் இல்லாதவளுக்கு உடல்நலப் பதிவேடு எங்கிருந்து வரும்?

இதில்தான் உங்கள் இரண்டு மாநிலங்களும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டிய விஷயம் இருக்கிறது. போடி, தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஊர்களிலிருந்து போடிமெட்டு வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் பெண்கள் இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். மருந்து படுவது கேரளத்தில். கரு கலைவதும் பிள்ளை பிறப்பதும் தமிழ்நாட்டில். கேரளத்து சுகாதாரத் துறையைக் கேட்டால் இங்கே அப்படி ஒரு கர்ப்பிணி பதிவாகவில்லை என்று சொல்லலாம், அது பொய்யில்லை. தமிழ்நாட்டுத் துறையைக் கேட்டால் எங்கள் மாவட்டத்தில் அப்படி ஒரு தோட்டம் இல்லை என்று சொல்லலாம், அதுவும் ஏறக்குறைய உண்மை. இப்படியே போனால் இந்தப் பெண்கள் இரண்டு மாநிலக் கணக்கிலும் ஆரோக்கியமாகவே இருப்பார்கள்.

ஏலக்காய்க்கு இந்தக் குழப்பம் இல்லை. இடுக்கியின் புற்றடியில் ஏலம் போனாலும் போடியில் ஏலம் போனாலும் அது ஒரே சரக்கு. வெளிநாட்டுக்குப் போகிற காயை ஒன்றிய அரசின் நறுமணப்பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டு தன் ஆய்வகத்தில் வைத்து மருந்து எச்சம் பார்க்கிறது. வாங்குகிற நாடு திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்ற அக்கறை அது, வேண்டிய அக்கறைதான். காயில் எவ்வளவு மருந்து என்று அளக்கத் தெரிந்த நாட்டுக்கு, காயைக் கிள்ளிய பெண்ணின் ரத்தத்தில் எவ்வளவு என்று அளக்கத் தெரியாதா?

ஏலத்தொழிலை மூடச் சொல்வதாக யாரும் என்மேல் பழி போட வேண்டாம். அந்தக் கூலி இல்லாமல் எங்கள் ஊர்களில் அடுப்பு எரியாது. நான் படித்ததே அந்தக் கூலியில்தான். சின்ன விவசாயிகள் தாங்களே டேங்கைத் தோளில் மாட்டி அடிக்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஆதாரம் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருந்ததன் விலை கேரள அரசுக்கு நன்றாகத் தெரியும். காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மேல் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். தன்னிடம் வருகிற நோயாளிகளில் ஏதோ சரியில்லை என்று முதலில் எழுதிவைத்தவர் பத்ரே கிராமத்தில் வைத்தியம் பார்த்த டாக்டர் மோகன்குமார். அதற்குப் பிறகுதான் அகமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தார் வந்தார்கள். ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி, தெளிப்பு இல்லாத ஊர்ப் பையன்களோடு ஒப்பிட்டு, பத்ரே பையன்கள் பருவம் அடைவது தாமதமாகிறது என்று கண்டார்கள். உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் நாடு முழுக்கத் தடை போட்டது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் மூன்று மாதத்துக்குள் 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2022லும் பெரும்பாலோருக்குப் போய்ச் சேரவில்லை என்று அதே நீதிமன்றம் கண்டிக்க வேண்டியிருந்தது. தாய்மார் எத்தனை வருடம் சான்றிதழோடு அலைந்தார்கள் என்று கேரள அமைச்சர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏலமலையிலும் அதே போல ஒரு டாக்டர் தானாக நோட்டுப் போட்டு எழுதும் வரை காத்திருக்கப் போகிறீர்களா?

நான் கேட்பது இவைதான். முதலில் தமிழ்நாடு சுகாதாரத் துறை. கர்ப்பிணிப் பதிவில் மூன்று கேள்வி சேருங்கள்: என்ன வேலை, அங்கே மருந்து அடிக்கிறார்களா, கர்ப்பத்தில் எந்த மாதம் வரை போனாள். தேனி மாவட்டத்தில் நாளைக்கே தொடங்கலாம், செவிலியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி போதும். அந்தப் பதிவைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடும், பள்ளி மாணவர் உடல்நலப் பரிசோதனையோடும் இணைத்து, அந்தக் குழந்தை பெரியவளாகித் தன் பிள்ளையைப் பெறும் வரை அழியாமல் வையுங்கள்.

அடுத்தது இரண்டு மாநிலமும் சேர்ந்து செய்ய வேண்டியது. இடுக்கித் தோட்டங்களில் எந்த வாரம் என்ன மருந்து அடிக்கப்பட்டது என்ற விவரம் தோட்ட வாசலில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிப் போடப்பட வேண்டும், அதன் நகல் இரு மாவட்ட சுகாதார அலுவலகங்களுக்கும் போக வேண்டும். அந்த விவரமும் தேனியின் பிறப்புப் பதிவும் ஒரே மேசையில் சந்திக்க வேண்டும். இதற்கு இரண்டு மாவட்ட ஆட்சியர்கள் உட்கார்ந்து பேசினாலே வழி பிறக்கும். காய் எடுக்கிற பெண்களிடமும் மருந்தடிக்கிற ஆண்களிடமும் அவர்கள் சம்மதத்தோடு ரத்தமும், கர்ப்பிணிகளிடம் தொப்புள்கொடி ரத்தமும் எடுத்துப் பாதுகாக்கிற நீண்டகால ஆய்வை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திடம் கேட்டு வாங்குங்கள். முடிவுகளை அந்தப் பெண்களுக்கே முதலில் சொல்லுங்கள்.

கேரளத் தொழிலாளர் துறை, 37ஆம் விதியின் மாதப் பரிசோதனையை மருந்தடிப்பவர்களுக்கு உடனே நடத்திக் காட்ட வேண்டும். காய் எடுக்கிறவர்களுக்கும் அதை விரிவாக்க வேண்டும். ஜீப்பில் வருகிற ஒவ்வொரு பெண்ணின் பெயரும் தோட்டப் பதிவேட்டில் ஏற வேண்டும். அடித்த காட்டுக்குள் இத்தனை நாள் கழித்துத்தான் ஆள் இறங்கலாம் என்ற காலக்கெடுவை மருந்துவாரியாக நிர்ணயித்து, மீறினால் தோட்ட உரிமையாளர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

கர்ப்பம் உறுதியான நாளிலிருந்து பால் நிறுத்தும் வரை மருந்துக்காட்டுக்குப் போகாமல் இருக்கிற பெண்ணுக்கு, அந்தக் கூலியை இரு அரசுகளும் தோட்ட உரிமையாளர்களும் பகிர்ந்து கொடுக்க வேண்டும். மகப்பேறு உதவித்தொகை இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். அது சத்துணவுக்கும், கூலி இழப்பை ஓரளவு ஈடுகட்டவும் கொடுப்பது, இத்தனை மாதக் கூலிக்கு ஈடாகாது. கூலிக்கு வழி செய்யாமல் போகாதே என்று மட்டும் சொன்னால், அவள் கர்ப்பத்தை மறைத்துக்கொண்டு போவாள். அப்படிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்றிய வேளாண் அமைச்சகம். குளோர்பைரிபாஸுக்குக் கொடுத்திருக்கிற பதிவை எல்லாப் பயிர்களுக்கும் ரத்து செய்யுங்கள், ஸ்டாக்ஹோம் பட்டியலில் 2025ல் சேர்த்ததை இந்தியா விலக்குக் கேட்காமல் ஏற்கட்டும். 2020 வரைவில் இருந்த மற்ற மருந்துகளில் எதை எதற்காக விட்டீர்கள், வயிற்றுப் பிள்ளைக்கும் அடுத்த தலைமுறைக்கும் அது என்ன செய்யும் என்று பார்த்தீர்களா என்பதை மருந்து மருந்தாக வெளியிடுங்கள். ஏலக்காய் எடுக்கும் பருவம் ஆடி, ஆவணியில் தொடங்குகிறது. அடுத்த பருவத்துக்கு ஜீப் கிளம்புவதற்கு முன் இந்த ஐந்து கோரிக்கைக்கும் மூன்று அரசுகளும் எழுத்தில், தமிழில், பொதுவில் பதில் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
போடிநாயக்கனூர் வட்டாரம், தேனி மாவட்டம்